ஆள் இருக்கு

சங்குமுனைத் தீவு நானூற்றுப் பன்னிரண்டு பேரைத்தான் தாங்கும். இது யோகராஜ் சொன்னதல்ல, மணலுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் சொன்னது. ஆனால் அதை விற்றவன் அவன்தான்.

"புரியலீங்களே தம்பி. சுத்தியும் கடலு. நடுவுல நல்ல தண்ணி எப்படிங்க?"

கேட்டவர் சுலோச்சனா டீச்சர். கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் நாற்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாள். சுற்றுலா நிறுவனத்தின் சென்னை அலுவலகக் குளிரில் சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் கேள்விகளுக்கு எண் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். இது ஏழாவது கேள்வி.

"மழைத்தண்ணி டீச்சர். மணல்ல எறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு இருக்கும். கறிக்கொழம்பு மேல எண்ணெ மெதக்குற மாதிரி. பக்குவமா மோந்தா எண்ணெ மட்டும் வரும். அவசரப்பட்டு மோந்தா எல்லாம் கலங்கிரும். அப்புறம் எத்தன மழை பேஞ்சாலும் லேசுல பிரிக்க முடியாது."

"அப்ப நான் போய் எறங்குனா நானூத்திப் பதிமூணு ஆயிருமே?"

"ஆவாது. நீங்க எறங்குறதுக்கு முன்னாடி தீவுக்காரங்க ஒருத்தர் படுத்துருவாங்க."

நிறுவனத்தின் கையேட்டில் படுப்பவர்களுக்கு 'ஓய்வுப் பங்காளி' என்று பெயர். உடம்பைக் குளிர வைத்து, நிமிடத்துக்கு ஒரு மூச்சு, வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று இறக்கிவிடுவார்கள். சோறு கிடையாது, சொட்டு மருந்து மட்டும். ஆறு மாதம் ஒரு பருவம். அவர் குடிக்காத தண்ணீரை விருந்தாளி குடிக்கலாம். அவர் வீட்டில் விருந்தாளி தங்கலாம், அவர் பங்கு மீனைத் தின்னலாம், அவர் தென்னையிலிருந்து தேங்காய் பறிக்கலாம். கப்பலில் தண்ணீர் போகவேண்டியதில்லை. கடல்நீரைக் காய்ச்சவேண்டியதில்லை. புதிதாக ஒரு செங்கல் வைக்கவேண்டியதில்லை. மலிவுக்குக் காரணம் அவ்வளவுதான். பசுமைக்குக் காரணமும் அதுதான்.

"என் பென்ஷன்ல பாதி கூட ஆகாதுங்களே. அதுதான் சந்தேகமா இருக்குது" என்றார் டீச்சர். "கோயமுத்தூர் வெயில்ல கெடந்து வேகறதுக்கு அங்க போயிறலாம்னுதான் ஆசை. ஆனா ஒண்ணு. நான் போனதுனால அங்க ஒரு செடி கூட வாடக் கூடாதுங்க."

"செடி வாடாது டீச்சர்."

டீச்சர் அதற்கு நேராக ஒரு டிக் போட்டார். அடுத்த கேள்வியை விரலால் தொட்டுப் படித்தார்.

"படுக்கறவங்க இஷ்டப்பட்டுத்தான் படுக்கறாங்களா?"

"கையெழுத்து வாங்கித்தான் படுக்க வெக்கிறோம்."

"ஆறு மாசம் கழிச்சு?"

"பெரட்டுல பேர் வாசிப்போம்."

யோகராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். இந்த இடத்தில்தான் ஆட்கள் மயங்குவார்கள், அவனுக்குத் தெரியும். அவன் முப்பாட்டன்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, அந்தமான் கடலில் கிடந்த இந்தத் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்தவர்கள். ரப்பர் போய்விட்டது, துரையும் போய்விட்டான். பெரட்டு மட்டும் போகவில்லை. காலையில் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வாசிக்கும்போது பதில் வராவிட்டால் அன்றைக்குப் பேர் விழுந்துவிடும். பேர் விழுந்தால் கூலி கிடையாது, அரிசி கிடையாது. ஒருத்தி காய்ச்சலில் படுத்திருப்பாள், இன்னொருத்திக்குப் பிரசவம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள்: ஆள் இருக்கு! அவள் பங்கு வேலையையும் இவளே பார்ப்பாள். பெயர் வாசித்த கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும், தெரியாததுபோல் எழுதிக்கொள்வார். நூறு வருடத்தில் சங்குமுனையில் ஒரு பெயரும் அநாதையாக விழுந்ததில்லை.

"அடடா" என்றார் டீச்சர். "எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தனுக்கு இன்னொருத்தன் ஆஜர் சொன்னா முட்டி போட வெச்சிருவேன்."

"எங்க ஊர்ல சொல்லலைன்னாத்தான் முட்டி போடணும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரிப்பார்கள். இந்தப் பதிலை அவன் இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பான்.

"அதையேதான் இப்பவும் வெச்சிருக்கோம். பருவம் முடிஞ்சதும் படுத்திருக்கிறவங்க பேரக் களத்துல வாசிப்போம். யாரும் பதில் சொல்லலைன்னா ஒரு வாரத்துல எழுப்பிருவோம். ஆள் இருக்குன்னு சொன்னா இன்னொரு பருவம்."

"யார் வேணா சொல்லலாமா?"

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க, பக்கத்து வீடு, சொந்தக்காரங்க. பழைய வழக்கம் எதுவோ அதான் விதி."

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். யோகராஜ் திரையில் ஐந்தாம் லயத்தின் மூன்றாவது வீட்டை எடுத்துக் காட்டினான். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய பழைய கூலிவீடுகள். கையேட்டில் அதற்குப் பெயர் பசுமைக் குடில்.

"இந்த வீட்ட ஒங்களுக்குப் போடுறேன். ஆனா ஆறு மாசம் மட்டும்தான் டீச்சர். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"இது என் வீடு. படுத்திருக்கிறது என் சம்சாரம்."

டீச்சர் பேனாவை மூடினார்.

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கோயம்புத்தூரில் அன்றைக்கு நாற்பத்தாறு டிகிரி.

*

உறக்கக் கருவியை உருவாக்கியவர்கள் வேறு யாரோ. யோகராஜ் உருவாக்கியது சம்மதத்தை.

இரண்டரை வருடங்களுக்கு முன் நிறுவனம் தீவுக்கு வந்தபோது அவன் கிணற்று மட்டம் அளக்கும் எழுத்தராக இருந்தான். வந்தவர்களுக்கு ஒரு சிக்கல். தூங்குகிறவனிடம் கையெழுத்து வாங்க முடியாது. ஒவ்வொரு பருவத்துக்கும் எழுப்பிக் கேட்டால் பாதிப் பேர் மறுபடி படுக்கமாட்டார்கள். வக்கீல்கள் மூன்று நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். டீ கொண்டுபோய் வைத்த யோகராஜ், "எங்க ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு சார்" என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவனை உயர்த்தியது. தன் சனங்கள் ஒரு பெயரை விழ விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொன்னான். களத்தில் தாளை வாசித்துக் காட்டியபோதும் 'நீட்டிப்புக்கு ஒப்புதல்' என்ற சொற்களை விழுங்கிவிட்டு, "வழக்கம்போல பெரட்டு நடக்கும், பேர் விழாமப் பாத்துக்கங்க" என்றான். பார்த்துக்கொண்டார்கள்.

ஊருக்கு முன்மாதிரியாக அவன் மனைவி தவமணி ஒரு பருவம் படுக்கச் சம்மதித்தாள். ஒரு பருவம், அதற்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்து அவள் பெயரை வாசித்தபோது நிறுவனத்தின் மேலதிகாரிகள் களத்தில் நின்றிருந்தார்கள். வீட்டில் இருந்த விருந்தாளி இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று கேட்டிருந்தார். சென்னை வேலைக்கு உத்தரவு மறுநாள் வருவதாக இருந்தது. எழுப்பிவிட்டால் அவளையும் சென்னைக்குக் கூட்டிப்போகவேண்டும். அவள் வரமாட்டாள், அவனையும் விடமாட்டாள். யோகராஜ்தான் சொன்னான்: ஆள் இருக்கு.

இரண்டாவது தடவை அவன் சென்னையில் இருந்தான். பக்கத்து வீட்டுப் பாக்கியம் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை, சொல்லவேண்டாம் என்று போனில் கெஞ்சியிருந்தான். அப்போதும் அவள்தான் சொன்னாள். கேட்டதற்கு, "ஆம்பள இல்லாத வீட்டுப் பொம்பள பேரு. காது கேட்டுக்கிட்டே விழ விட்டுறச் சொல்றியா கொழுந்தனாரே? நாக்குல தானா வந்துருச்சு" என்றாள்.

அதற்குள், நிறுவனம் முன்பே தொடங்கியிருந்த வேறு தீவுகளிலிருந்து இன்னொன்று தெரியவந்திருந்தது. நான்கு பருவம்வரை எழுப்பினவர்கள் எழுந்தார்கள். ஐந்து முடித்து எழுப்பிய பதினொரு பேரில் மூன்று பேர் எழவில்லை. செத்துப்போகவும் இல்லை. நிறுவனம் அவர்களை 'நீட்டித்த ஓய்வு' என்று பட்டியலில் தனியாக வைத்துக்கொண்டது. தலைக்கணக்கில் அவர்களும் படுத்தவர்களாகவே சேர்த்தி. அவர்களுடைய வீடுகளுக்குத்தான் கிராக்கி அதிகம். நடுவில் காலி செய்யவேண்டிய தொல்லை கிடையாதல்லவா.

தவமணிக்கு ஓடிக்கொண்டிருந்தது நான்காவது. டீச்சரின் ஆறு மாதம் முடியும் நாளில் அவள் பெயர் மறுபடி வாசிக்கப்படும். அதற்காகத்தான் யோகராஜ் விடுப்புப் போட்டுவிட்டு மூன்று நாள் கப்பலில் கிளம்பினான். அவன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. மற்றவர்கள் வாயை மூடவைத்து, தானும் மூடிக்கொண்டு நின்றால் போதும்.

*

கப்பல் பகல் பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்தது. பெட்டியைக்கூட வைக்காமல் லயம் லயமாக ஏறி இறங்கினான். முதலில் பாக்கியம்.

"நாளைக்குப் பெரட்டுல தவமணி பேரு வரும். வாயத் தெறக்காதீங்க மதினி. கையெடுத்துக் கும்புடுறேன்."

"ஏன், அவ பேரு விழணுமா? உனக்கென்ன வேற எவளும் கெடச்சுட்டாளா மெட்ராஸ்ல?"

"விழுந்தாத்தான் மதினி எழுப்புவாங்க."

பாக்கியம் முறத்தைக் கீழே வைத்தாள். "எழுப்புவாங்கன்னா?"

சொல்லியிருக்கலாம். அவள் மகன் எட்டு மாதமாகப் படுத்திருந்தான். ஒரு தடவை அவள் வாயாலேயே ஆள் இருக்கு என்று சொல்லியிருந்தாள். ஆனால் சொன்னால் நாளைக்கு ஒரு பெயருக்கும் பதில் வராது.

"ஒண்ணுமில்ல மதினி. நான் அவள எழுப்பிக் கூட்டிட்டுப் போகப் போறேன். அதுக்கு ஒரு முறை இருக்கு. அவ்வளவுதான்."

எல்லா வீட்டிலும் இதே பொய். சிலர் கேலி செய்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். கடைசியாக மூக்கையாவிடம் போனான். மூக்கையாதான் இப்போது கணக்கப்பிள்ளை, தவமணியின் அப்பா. மகள் பெயரை மூன்று தடவை வாசித்தவர். வாசிக்கிறவர் பதில் சொல்லக்கூடாது என்பது முறை.

"எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன் மாமா."

"எல்லாருகிட்டயுமா?"

"எல்லாருகிட்டயும்."

"சரி மாப்ள" என்றார் மூக்கையா. மருமகனோடு அவர் அதிகம் பேசி இரண்டு வருடமாகிறது.

சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய் விருந்தாளியைப்போலக் கதவைத் தட்டினான். டீச்சர் தவமணியின் ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து திறந்தார். பெட்டிகள் கட்டித் தயாராக வாசலோரம் நின்றன.

"வாங்க கண்ணு. அடுத்த கப்பலுக்கு நான் ரெடி. சொன்ன சொல் தவறமாட்டேனுங்க." பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கத்தரிப் பாத்தியைக் காட்டினார். "உங்க வீட்டம்மா எழுந்து வரும்போது காய்ப்புல இருக்கணும்னு கணக்குப் பண்ணி நட்டேன். ஒரு சொட்டு தண்ணி கூட அதிகம் எடுக்கல. பாத்திரம் கழுவுன தண்ணிதான்."

மீன் குழம்பும் சோறும் போட்டார். நல்ல மனுஷி. இப்படிப்பட்டவர்கள் வரும்போதுதான் யோகராஜுக்குச் சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"சம்சாரத்தப் பாத்தீங்களா?"

"பாக்கணும்."

"நான் வாரா வாரம் போய்ப் பாத்துட்டு வந்துருவேன். அவங்க கட்டில்ல படுக்கறேன், அவங்க செருப்பப் போடறேன். ஒரு மரியாதை வேணுமில்லீங்களா?"

சாப்பிட்டுவிட்டுப் புகைக்கொட்டகைக்குப் போனான். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, தகடாக்கி, புகையில் காயப்போட்ட பழைய கட்டடம். தகடுகள் தொங்கிய அதே அடுக்குகளில் இப்போது ஆட்கள் கிடந்தார்கள். நூற்றுமுப்பது பேர். உள்ளே புகை வாடை இன்னும் போகவில்லை. தவமணி கீழிருந்து இரண்டாவது தட்டில் இருந்தாள். முடி பாதியாகிவிட்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் பக்கத்தில் நின்று எண்ணினான். நாற்பது, ஐம்பது, அறுபது. அவள் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது.

*

காலை ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டில் அடித்தார்கள். களம் நிறைந்தது. தீவுக்காரர்கள் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்கும் விருந்தாளிகள் ஒரு பக்கம். மூக்கையாவின் முன்னால் முக்காலியில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்பெல்லாம் பேனாவால் எழுதுவார்கள். இப்போது பெட்டி கேட்டுக்கொள்ளும். அது கேட்டது சென்னைக்குப் போகும்.

"அழகேசன், ரெண்டாம் லயம்."

"ஆள் இருக்கு!"

"கனகவல்லி, ரெண்டாம் லயம்."

"ஆள் இருக்கு!" தங்கச்சி சொன்னாள், இடுப்புப் பிள்ளையைக் குலுக்கிக்கொண்டே. அவளுக்கு அது ஒரு வேலை, வாசல் தெளிப்பதைப்போல.

யோகராஜ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு குரலுக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்து அணைந்தது. அவன் கண்டுபிடிப்பு குறையில்லாமல் வேலை செய்தது.

"தவமணி" என்றார் மூக்கையா. "அஞ்சாம் லயம்."

யாரும் பேசவில்லை.

பாக்கியம் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கால் மாற்றி நின்றார்கள். ஒரு கிழவர் வாயைத் திறந்தார், பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்து அழுத்தினார். ஒரு பெயர் களத்தின் நடுவே கேட்பாரில்லாமல் கிடப்பதை அவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று தடவை வாசிப்பது முறை.

"தவமணி, அஞ்சாம் லயம்."

காற்றில் தென்னை ஓலை உரசியது. யோகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னும் ஒரு தடவைதான்.

"தவமணி, அஞ்சாம் லயம்." மூக்கையாவின் குரல் உடைந்திருந்தது.

"ஆள் இருக்குதுங்க!"

குரல் விருந்தாளிகள் பக்கத்திலிருந்து வந்தது. சுலோச்சனா டீச்சர் கையை உயர்த்தியிருந்தார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதைப்போல. கண் கலங்கியிருந்தது. பெட்டியில் பச்சைப் புள்ளி எரிந்து அணைந்தது.

யோகராஜ் ஓடினான். "என்ன டீச்சர் பண்ணிட்டீங்க!"

"இல்லீங்க கண்ணு, மூணு தடவ கூப்புட்டும் ஒருத்தரும்... பெத்த அப்பா கூப்புடறாரு. எனக்கு மனசு தாங்கல. ஆறு மாசமா அந்த அடுப்புலதான சாப்பிடறேன்? ஒரே அடுப்புல சாப்பிட்டா சொல்லலாம்னு நீங்கதான..." அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாடம் நடத்திப் பழகிய மூளை, நோட்டில் எழுதிவிட்டு மறந்துபோன 'இன்னொரு பருவம்' என்பதை மெதுவாகச் சேர்த்துப் பார்த்தது. "ஐயோ சாமி" என்றார்.

எல்லோரிடமும் சொன்னவன், தன் வீட்டில் தன் மனைவியின் தட்டில் சோறு போட்டவரிடம் சொல்லவில்லை. விருந்தாளியை அவன் ஒரு தலையாகத்தான் கணக்கு வைத்திருந்தான். ஆளாக நினைக்கவில்லை.

*

சென்னைக்குப் போன் போட்டான். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"ஸாரி யோகராஜ். குரல் பதிவானதுமே வீடு அடுத்தவருக்குப் போயிடும், உங்களுக்குத் தெரியாததா? புனேல ஒருத்தர் ரெண்டு நிமிஷம் முன்னாடி உறுதி பண்ணிட்டார். நல்ல மனுஷன், சைக்கிள் கூடக் கொண்டு வர்றாராம். தலை சரியா இருக்கணும். அதுதானே நம்ம திட்டத்துக்கே அடிப்படை."

"டீச்சர் தெரியாம சொல்லிட்டாங்க சார்."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றார் மேலதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

களத்தில் கூட்டம் கலைந்திருந்தது. டீச்சர் ரப்பர் மரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மூக்கையா பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"பேனாவா இருந்தா அடிச்சிட்டு எழுதலாம் மாப்ள" என்றார். "நான் எத்தன தடவ அடிச்சி எழுதியிருக்கேன்."

"மாத்து ஆள் விதி ஒண்ணு இருக்கு மாமா. அதே வீட்டு ஆள் ஒருத்தர் படுத்தா எழுப்பலாம்."

"அதையும் நீதான் எழுதுனியா?"

"ஆமா."

"யாரு படுப்பா?"

யோகராஜ் புகைக்கொட்டகைப் பக்கம் திரும்பினான். மூக்கையா முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்ப சாப்பிடாம வா. வெறும் வயித்தோட படுக்கணும்" என்றார்.

*

ஒருவரைக் குளிர வைப்பதும் ஒருவரைச் சூடேற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். தலைக்கணக்கு ஒரு மணி நேரம்கூடப் பிசகக்கூடாது. பக்கத்துத் தட்டில் யோகராஜைக் கிடத்தினார்கள். நர்ஸ் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினாள். குளிர் பாதத்திலிருந்து ஏறியது, கணுக்கால், பிறகு முழங்கால். தொடைக்கு வந்தபோது தவமணி கண்ணைத் திறந்தாள்.

வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு அவனை.

"நீங்க ஏன் இங்க கெடக்குறீங்க?"

"மாத்தா."

"ஆறு மாசம் முடிஞ்சிருச்சா?" கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். எலும்பும் தோலும். தலையைத் தடவிப் பார்த்தாள். "எத்தன பருவம்?"

அவன் பொய் சொல்ல நினைத்தான். குளிர் இடுப்புக்கு வந்திருந்தது. பொய்யைக் கட்டி எழுப்ப நேரமில்லை.

"நாலு."

"நான் ஒண்ணுக்குத்தான கைநாட்டு வெச்சேன்?"

"பெரட்டுல பேர் வாசிச்சாங்க. ஆள் இருக்குன்னு சொன்னா இன்னொரு பருவம். அதான் விதி."

"எந்த நாசமாப் போனவன் எழுதுன விதி அது?"

"நான்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு குழாயைச் சரிசெய்தாள். தவமணிக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வேகமாக விடும் மூச்சு, அவளுக்கே அது பழக்கமில்லாததுபோல் இருந்தது.

"எனக்கு யாரு சொன்னா?"

"பாக்கியம் மதினி ரெண்டு தடவ."

"அவளுக்குத் தெரியுமா, சொன்னா எழுப்பமாட்டாங்கன்னு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"மிச்சம் ஒண்ணு?"

குளிர் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றான்.

அவள் அழவில்லை. அவள் அழுகிற சாதியுமில்லை. நர்ஸ் தோளைத் தாங்கி உட்கார வைத்தாள். காலைத் தொங்கப்போட்டு, தரையைத் தொட்டுப் பார்த்தாள். நிற்க முடியவில்லை. அடுக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அடுத்த பெரட்டுல..." யோகராஜுக்கு வார்த்தை குழறியது. "என் பேரு வாசிக்கும்போது... யாரும் வாயத் தெறக்காமப் பாத்துக்க. எல்லாருகிட்டயும் சொல்லிரு."

"சொல்றேன். எல்லாத்தயும் சொல்றேன். அந்தப் பெட்டி என்னத்தக் கேக்குதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொல்றேன். அடுத்த பெரட்டுல ஊரே வாயப் பொத்திக்கிட்டு நிக்கும், பாருங்க. இங்க கெடக்குறது அத்தனையும் எந்திரிச்சி வெளிய வரும். அப்ப தலை சரியா இருக்கான்னு உங்க கம்பெனிக்காரன் வந்து எண்ணட்டும்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். நன்றி சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

"ஒங்க பேரத் தவிர" என்றாள் தவமணி. "ஒண்ணு நானா படுத்தது. மூணு, நீங்க போட்டது. இப்ப நீங்களா படுத்தது ஒண்ணு. மிச்சம் மூணையும் நான் சொல்லுவேன். களத்துல, எல்லாரு முன்னாடியும், சத்தமா. நாலுக்கு மேல ஒண்ணு கூடச் சொல்லமாட்டேன். நாலு முடிச்சு நானே எந்திரிச்சிருக்கேன்ல?"

அவன் ஏதோ சொல்லப்போனான். நாக்கு மரத்துப்போயிருந்தது. இனி வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். அவன் செய்யவேண்டியது வேறொன்றுமில்லை.